கறுப்பே ஏழு

அவிநாசி ரோட்டு ஓட்டலில் காலை ஏழரைக்குக் கூட்டம்.
தொழில் நடத்தும் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர்,
ஆளுக்கு அறுபது நொடி.
முடிந்தால் மணி அடிப்பார்கள்,
பழைய சைக்கிள் மணி மாதிரி ஒன்று.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் திலகமணி.
பிரிண்டிங் யூனிட், ராயபுரம்.
கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் நீட்டுகிற கையோடு
எல்லோருக்கும் கார்டு நீட்டுகிறாள்,
இட்லி கொண்டுவந்த பையனுக்கும் ஒன்று.
"ஏனுங்க, உங்க கார்டு?"
இருக்கிறது, கைப்பையில்,
ரெண்டு வருசமாய்.
கட்டிய ரப்பர் பேண்டுகூட அவிழ்க்கவில்லை.
"மறந்துட்டனுங்க" என்றேன்.

பயிற்சி தர வந்த கிரேஸ் சுகந்தி
இருபது கேள்வி அச்சடித்த தாள் கொடுத்தார்.
கூட்டத்தில் நீங்கள்
அ) முதலில் பேசுவீர்களா
ஆ) எல்லோரும் பேசியபின் பேசுவீர்களா.
இ) வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது பேசுவீர்களா
என்று ஒன்று இல்லை.
நானே எழுதி டிக் அடித்தேன்.

கூட்டிக் கழித்து
சேலையில் நிறம் ஒட்டினார்கள்.
முன்னால் நிற்கிறவர் சிவப்பு,
கலகலப்பு மஞ்சள்,
விட்டுக்கொடுத்தால் பச்சை,
கணக்குப் பார்த்தால் நீலம்.
திலகமணிக்கு மஞ்சள், அதற்குத் தாளே வேண்டியதில்லை.
என்னைப் பார்த்து கிரேஸுக்கே குழப்பம்;
பச்சையும் நீலமும் ஒட்டிவிட்டு நகர்ந்தார்.

பக்கத்து நாற்காலியில் ஷகிலா பானு,
வீரபாண்டியில் சாயப்பட்டறை,
நகக்கண்ணில் எந்த சோப்புக்கும் போகாத ஊதா.
தன் ஸ்டிக்கரை உரித்துத் தட்டோரம் ஒட்டினாள்.
"நாலே கலருங்களா?
எங்க பட்டறையில கறுப்பே ஏழு இருக்குதுங்க."

சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தேன், புரையேறியது.

"ட்யூப்லைட்ல எல்லாம் ஒண்ணுதான்.
வெளிய கொண்டுபோய்ப் புடிச்சா
ஒண்ணு செவக்கும், ஒண்ணு பச்சையடிக்கும்.
பையர் திருப்பி அனுப்புறது
அங்கதானுங்க."

என் முறை.
மயிலாத்தாள். எலாஸ்டிக் நாடா. அங்கேரிபாளையம். ஆறு மெஷின்.
இவ்வளவுக்குப் பதினோரு நொடி.
அப்புறம் மைக்கில் என் மூச்சு மட்டும்.
கைப்பைக்குள் துழாவி
ஒரு முழம் நாடா எடுத்தேன்,
முன்வரிசைக்காரியிடம் ஒரு முனை.
"இழுங்க."
இழுத்தாள்.
"இன்னும்."
நாற்காலியை விட்டு எழுந்து இழுத்தாள்.
"விடுங்க."
விட்டாள்.
"அவ்ளோதானுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன்.
மணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.
கைதட்டல் கொஞ்சம், அதில் பாதி திலகமணியுடையது.
ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

கீழே ஸ்கூட்டி எடுக்கப் போனால்
பக்கத்தில் அவள் கார்.
கண்ணாடி முழுக்க ஏற்றி
ஸ்டீயரிங்கில் நெற்றி சாய்த்திருக்கிறாள்.
மடியில் காலி டப்பா.
தோளில் மஞ்சள் பாதி உரிந்து தொங்குகிறது.
தூக்கம் இல்லை, அழுகையும் இல்லை.
முப்பத்தேழு பேரிடம் சிரித்து முடித்த முகத்தை
கொஞ்ச நேரம் கீழே இறக்கி வைத்திருக்கிறாள்.
தட்டலாமா என்று கை போனது.
தட்டவில்லை.
பேசாமல் நிற்பது எனக்குக் கைவந்த தொழில்,
சாவியைத் தேடுகிற மாதிரி நின்றேன்.
நிமிர்ந்தபோது பார்த்துவிட்டாள்.
தலையை மட்டும் ஆட்டினாள், நானும்.

கார்டுக் கட்டை எடுத்தேன்.
ரப்பர் பேண்டு காய்ந்துபோய்
தொட்டதும் அறுந்தது.
எலாஸ்டிக்காரி பையில் இப்படி ஒன்று!
மேல் கார்டை அவள் வைப்பரில் செருகிவிட்டு
வண்டியைக் கிளப்பினேன்.

ராத்திரி ஒன்பதே காலுக்கு போன் மினுங்கியது.
"மயிலா, என் பார்ட்டி ஒருத்தருக்கு
முப்பது எம்எம் கறுப்பு, நாலாயிரம் மீட்டர்,
வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுங்களா?"

நன்றிங்க என்று எழுதினேன், அழித்தேன்.
காலையில் உங்களை என்று ஆரம்பித்தேன், அதையும் அழித்தேன்.
கடைசியில் போனது இது:
"எந்தக் கறுப்புங்க?
துணியில ஒரு துண்டு குடுத்து விடுங்க.
வெயில்ல வெச்சுப் பாக்கோணும்."